ஓடுகின்றது என்பது காவலாகுமா?

வண்ணாத்திவில்லில் மரமுந்திரிகைக் கொட்டை வாங்கும் கடையொன்றில் அண்மையில் நாம் ஒரு கணனியைக் கண்டோம். கமக்காரர் கொடுத்த நிறையும் அவருக்குச் சேரவேண்டிய பணமும் அதனுள்ளேதான் இருக்கின்றன. அதனை இயக்குவதோ விண்டோஸ் எக்ஸ்பி! 2014 ஏப்பிரல் 8 ஆம் திகதியோடு மைக்ரோசொவ்ட் நிறுவனம் கைவிட்ட இயங்குதளம் அது. ஏன் மாற்றவில்லை என வினவினோம். "தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரமும் பழையதுதான் ஐயா, ஓடுகின்றதே!" என்றார் முதலாளி.

இயந்திரத்தைத் திருடுபவன் தோட்டத்துக்குள் கால்வைக்க வேண்டும். இணையத்தில் தொடுத்த கணனிக்கோ உலகின் எம்மூலையிலிருந்தும் கள்வன் வரலாம். யானை வேலியை நம்மவர் அறிவர். மின்னோட்டம் நின்றுவிட்டால், பகலில் பார்ப்பவனுக்கு அது வேலி. இரவில் வரும் யானைக்கு வெறுங்கம்பி. மென்பொருளில் நாளும் வெளிப்படும் ஓட்டைகளை அதனை ஆக்கியோர் அடைக்காது விடும்போது நேர்வதும் இதுவே.

கடைக்காரரை மட்டும் கடிந்து பயனென்ன? அரசாங்கமே செய்தது யாது? 2023 ஒகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாதொழிந்தன. காப்புப் பிரதிகளும் அதே வலையில் தொடுக்கப்பட்டிருந்தமையால் அவையும் பூட்டுண்டன. அங்கிருந்தது 2013 ஆம் ஆண்டின் அஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடிந்திருந்தது. 2021 முதல் புதுப்பிக்க எண்ணியும் நிதியின்மையால் இயலவில்லை என்றனர். நாடு வங்குரோத்தடைந்த காலம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், காப்புப் பிரதியொன்றை வலையினின்று கழற்றி வைக்க எத்தனை கோடி வேண்டும்?

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூனில், பணம் வழங்கும் இயந்திரங்களிலுள்ள பழைய இயங்குதளங்களை ஓராண்டுக்குள் மாற்றுமாறு வங்கிகளுக்குப் படிப்படியான நாட்கெடு விதித்தது. பிரதேச செயலகம் தொடக்கம் கமநல சேவை நிலையம் வரை இத்தகைய நாட்கெடுவை விதித்து, அதனைப் பகிரங்கப்படுத்துமாறு நாம் அரசாங்கத்தைக் கேட்கின்றோம். 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. பழைய பொறிகள் பல அடுத்த பதிப்பை ஏற்கா. புதுப்பொறி வாங்க வசதியற்ற வணிகருக்கு லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கின்றது. கேரளத்து அரச பாடசாலைகளில் மாணவர் பயில்வது அதில்தான். நம் இளைஞர்க்குப் பயிற்சியளித்தால் கடைதோறும் சென்று அவர்களே நிறுவிக்கொடுப்பர்.

அதுவரை, கொட்டை நிறுத்துக் கொடுத்த கமக்காரர் தம் துண்டுச்சீட்டைக் கிழித்தெறியாது பெட்டகத்தில் வைத்துக்கொள்வாராக.