விரிசல் இரும்பில், பழி வெல்டர் தலையிலா?

இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் ஒரு விரிசல் கண்டால் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? வெல்டரைத் தேடுகிறார்கள். வரைபடம் போட்டவரையோ, மட்டரக இரும்பை வாங்கி இறக்கியவரையோ, பார்க்காமலே "சரி" என்று கையெழுத்திட்டவரையோ யாரும் தேடுவதில்லை. மும்பையின் பட்டறைகளிலும் படகுத் துறைகளிலும் வெல்டிங் செய்து வயிறு வளர்க்கும் நம்மவர் பலர். ஆகவே, விரிசலுக்குப் பொறுப்பு யார் என்பது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் வீட்டுச் சோற்றுப் பானையைப் பற்றிய கேள்வி.

அண்மையில் நம் சங்கத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஒரு கண்டிராக்டரிடம் வெல்டர். படகு ஒன்றுக்கு இழுவைச் சட்டம் செய்து கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வரும் படகைக் கயிறு கட்டி இழுப்பதற்காகத் தளத்தின்மேல் நிறுத்தும் குழாய்ச் சட்டம் அது. சில வாரங்களிலேயே அதன் கால் தளத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். படகுக்காரர் பில்லை நிறுத்தினார். கண்டிராக்டர் தம்பியின் இரண்டு வாரக் கூலியை நிறுத்தினார். "வெல்டிங் நான் போட்டதுதான் அண்ணாச்சி. ஆனா காலுக்கு முக்கோணத் தகடு வச்சு முட்டுக் கொடுக்கணும்னு மேஸ்திரிகிட்ட அப்பவே சொன்னேன். படத்துல இல்லாததைச் செய்யாதேன்னுட்டாரு" என்றார் தம்பி. பேசிப் பாதிக் கூலியை வாங்கினோம். மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கயிறு இழுப்பது சட்டத்தின் உச்சியில். அந்த இழுப்பு நெம்புகோல் போலப் பெருகி வந்து இறங்குவது காலடியில். ஒருமுறை இழுத்தால் ஒன்றும் ஆகாது. அலைக்கு அலை கயிறு தொய்ந்து, வெடுக்கென்று இறுகி, மறுபடி தொய்ந்து ஆயிரக்கணக்கில் இழுபடும்போது வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. இரும்பும் களைத்துப் போகும், தோழர்களே! அலுமினியக் குழாயானால் இன்னும் மோசம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். இதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டியவர் வரைபடம் போட்டவரா, ராடு பிடித்தவரா?

"சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள்" என்பார்கள் சிலர். அவர்களுக்கு வட கடலைக் காட்டுகிறேன். நார்வே நாட்டு எண்ணெய் வயலில், தொழிலாளர் தங்குவதற்காக நிறுத்தப்பட்டிருந்த 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதவை மேடை, 1980 மார்ச் 27 அன்று மாலை புயற்காற்றில் ஒரு கால் முறிந்து, அரை மணிக்குள் கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். காரணம் என்ன? காலைத் தாங்கிய ஒரு பெரிய குழாயில், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்தத் துளையிட்டு, 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் ஒரு சிறு தாங்கியை ஒட்டவைத்திருந்தார்கள். அது ஏதோ உபரிச் சாமான் என்றே எண்ணப்பட்டது. மேடையைத் தாங்கும் உறுப்புக்குரிய கவனம் அதற்குக் கிட்டவில்லை. விரிசல் அங்கே தொடங்கியது. ஆராய்ந்தவர்கள் முறிந்த இரும்பைப் பார்த்தபோது, விரிசலுக்குள்ளே பெயிண்ட் படிந்திருந்தது!

பெயிண்ட் எப்படி உள்ளே போயிற்று? பெயிண்ட் அடிக்கும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. மேடை கடலைப் பார்க்கும் முன்பே, கட்டிய துறையிலேயே சாவு அதற்குள் குடியேறிவிட்டது. நான்கு ஆண்டுகள் அதன்மேல் மனிதர்கள் வேலை செய்தார்கள், உண்டார்கள், உறங்கினார்கள். பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக்க அரசு போதிய முயற்சி எடுக்கவில்லை என்று அந்நாட்டின் தணிக்கை அலுவலகமே 2021-இல் கண்டித்தது. செத்தவர் குடும்பங்கள் அதுவரை 41 ஆண்டுகள் காத்திருந்தன.

பழி கீழே விழுவது புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங் கப்பல்களைக் கட்டியது. 1943 ஜனவரி 16 அன்று 'ஸ்கெனக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், புயலில்லை, அலையில்லை, துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. பழி முதலில் வெல்டிங் மீதே விழுந்தது. குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் குணம் அந்த இரும்புக்கே இருந்ததைப் பின்னர் ஆராய்ந்து காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி.

வெல்டர் தவறே செய்வதில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஈரம்பட்ட ராடு, துருவைத் தேய்க்காத விளிம்பு, மேலே அழகாகவும் அடியில் உருகிச் சேராமலும் போன தையல் — இவையும் உண்டு. ஆனால் ராடைக் காயவைக்க அடுப்பு தராதவர் யார்? அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவசரப்படுத்துபவர் யார்?

நான் வேலை பார்க்கும் ரயில்வேயில், தண்டவாளத்தை வெல்டிங் செய்த இடத்தருகே மாதம், ஆண்டு, வெல்டரின் குறியீடு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் ரயிலை நிறுத்தி அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் 'பிளாக்' கொடுத்தார்கள் என்பது தண்டவாளத்தில் குறிக்கப்படுவதில்லை. உழைத்தவன் பெயர் இரும்பில். உத்தரவிட்டவர் பெயர் கோப்பில்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, சோதனைக்கு முன் பெயிண்ட் கூடாது. சிவப்புத் திரவத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால், மேற்பரப்பு விரிசல் சிவப்புக் கோடாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; பெருஞ்செலவில்லை. இரண்டு, வெல்டரின் குறியீட்டுக்கு அருகில் சோதித்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கட்டும். மூன்று, "இது தாங்காது" என்று வெல்டர் சொன்னால் அதை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். நான்கு, விசாரிக்காமல் கூலியில் கைவைக்கக் கூடாது.

நான்காவது நம் கற்பனையன்று. சேதத்துக்காகக் கூலியைப் பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அதுவும், அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் கெட்டிருந்தால்தான். கண்டிராக்டருக்கு இது தெரியும். நமக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

வெல்டிங் தொழிலில் இருக்கும் தோழர்களே! விரிசலைக் கண்டால் மறைக்காதீர்கள். மேஸ்திரி பெயிண்ட் டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் சங்கத்துக்கு வாருங்கள்; எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.