சட்டம் அறிவோம்: துப்பாக்கியை மூடித்தான் கொண்டுபோகணும்!

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலில் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். மறைத்து எடுத்துவந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. அப்போதிருந்த 1878 ஆயுதச் சட்டம் இந்தியரிடம்தான் லைசென்ஸ் கேட்டது, வெள்ளைக்காரருக்கு விலக்கு!

1959 சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. லைசென்ஸ் இருந்தாலும் பொது இடத்தில் துப்பாக்கியை உறையில் போட்டு மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016 விதிகள். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினாலே தப்பு. கல்யாணக் குஷியில் சுட்டு, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

தேர்தல் வந்தால், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயியிடமும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லலாம். பயிர் நிற்கிற நேரமென்றால் கஷ்டம்தான். கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பக் கேட்க அது வேண்டும்.