சங்க வலைத்தளத்திற்கு ஏற்ற மென்பொருள் யாது?

நம் கலாசாலைப் பழைய மாணவர் சங்கத்தார் தம் வலைத்தளத்தைப் புதுக்கியமைக்க எண்ணியிருக்கின்றனர் என்பதை நேயர்கள் அறிவர். செய்திகளை எழுதவும், படங்களைச் சேர்க்கவும், பக்கங்களை ஒழுங்குபடுத்தவும் உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களுள் எதனைக் கொள்வதென்னும் வினா, சில மாதங்களாக நிர்வாக சபையிலும் ஆசிரியர் அறையிலும் கணினித் துறை மாணவரிடையிலும் பெருவாதத்திற்கு இடமாகியிருக்கின்றது. ஒரு சாரார் வேர்ட்பிரஸ் என்பர். ஒரு சாரார் ட்ரூபலைக் கைவிடலாகாதென்பர். வாலிபர் சிலர் இரண்டும் பழங்கதையென்று தள்ளி, ஹ்யூகோ போன்ற நிலைப்பக்க ஆக்கிகளே தக்கனவென்பர். இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தை வெளியிடத் துணிகின்றோம்.

புதுக்கவேண்டிய அவசியம் எங்ஙனம் நேர்ந்ததென்பதை முதற்கண் கூறுதல் நன்று. இப்போதுள்ள தளம் ட்ரூபல் 7-இன்மீது கட்டப்பட்டது. ட்ரூபலென்பது பெல்ஜியம் தேசத்து ஆண்ட்வெர்ப் சர்வகலாசாலை மாணவராயிருந்த ட்ரீஸ் பைடார்ட் என்பவர் தம் விடுதித் தோழரோடு செய்தி பரிமாறிக்கொள்ள அமைத்த சிறு பலகையினின்று தோன்றி, 2001-இல் யாவர்க்கும் இலவசமாக அளிக்கப்பட்டதாகும். அதன் ஏழாம் பதிப்பு 2011-இல் வெளிவந்தது. 2015-இல் வந்த எட்டாம் பதிப்போ, பழைய வீட்டின்மேல் மாடியெடுத்தாற் போல்வதன்று. பெரும்பாலும் அஸ்திவாரத்தோடு புதிதாக எழுதப்பட்டது. ஆதலின் ஏழினின்று எட்டிற்குச் செல்ல விரும்பினோர், வேறொரு தளத்தை நிறுவிப் பண்டங்களையெல்லாம் அதற்குச் சுமந்துசெல்ல வேண்டியவராயினர். பணமும் ஆளுமுடைய ஸ்தாபனங்கள் பெயர்ந்தன. நம்மனைய சிறு சங்கங்கள் நின்றவிடத்தே நின்றன. இங்ஙனம் நின்றோர் மிகப் பலராதலின் முடிவுநாள் ஒருமுறைக்கு மேலும் தள்ளிவைக்கப்பட்டு, ஈற்றில் 2025 ஜனவரி 5-ஆம் நாள் ஏழாம் பதிப்பிற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன.

திருத்தமற்ற தளத்தை வைத்திருத்தல் எத்துணை அபாயமென்பது அதற்கு முன்னரே விளங்கிற்று. 2014 அக்டோபர் 15-ஆம் நாள் அவ்வேழாம் பதிப்பிற் பெருங்குறையொன்று வெளிப்பட, அதற்கு மருந்தும் உடனே தரப்பட்டது. எனினும் ஏழு மணி நேரத்திற்குள் அம்மருந்தை இடாதவர் தம் தளம் அயலார் கைப்பட்டதென்றே கொள்ளவேண்டுமென்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவினரே பின்னர் எச்சரித்தனர். ஏழு மணி நேரம்! சம்பளமின்றி மாலைப்பொழுதில் ஊழியஞ் செய்யும் நம் காரியதரிசி உறங்கும் நேரமே அவ்வளவாகும்.

ஆகவே, மென்பொருள் யாதென வினவுமுன் அதனைக் காப்பவர் யாரென வினவுதல் வேண்டுமென்பது எமது துணிபு. கோபுரங் கட்டப் புகுவோன் முன்னே உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்னும் உவமை நம்மவர் யாவரும் அறிந்தது. வலைத்தளத்தின் செலவு கட்டும் செலவன்று. கட்டியபின் ஆண்டுதோறும் காக்குஞ் செலவேயாம். கலாசாலைத் தளங்கள் பலவற்றின் சரித்திரம் ஒருபடித்தானது. ஆர்வமிக்க மாணவரொருவர் மூன்றாம் ஆண்டிற் பெருமுயற்சியோடு தளமொன்றை அமைப்பார்; பட்டம் பெற்றுப் பெங்களூருக்கோ கடல்கடந்தோ செல்வார்; கடவுச்சொல்லும் அவரோடு செல்லும். பின்வருவோர் பூட்டிய வீட்டின் திண்ணையில் அமர்ந்திருப்பார்.

ஹ்யூகோவை வேண்டும் வாலிபர் கூற்றில் உண்மை நிரம்ப உண்டு. 2013-இல் தோன்றிய அக்கருவி, பக்கங்களை முன்னரே ஆக்கி வெறும் கோப்புகளாக வைத்துவிடுகின்றது. வழங்கியில் தரவுத்தளமில்லை, ஓயாது இயங்கும் நிரலில்லை, கள்வன் நுழைவதற்குரிய வாயில்களும் சில. ஆயின் அதில் எழுதுவோர் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஊர்க்கிளைகளின் செயலாளரும், கைப்பேசியிற் படம் பிடித்தனுப்புவோருமன்றோ? ஓர் இரங்கற் செய்தியை வெளியிடுவதற்கு கிட் என்னும் கருவியின் கட்டளைகளைப் பயிலுமாறு அவர்களைப் பணித்தல் தகுமோ? பணித்தாலும் அவர்கள் பயிலார். எல்லாச் செய்தியும் ஒரு மாணவர் கைவழியே செல்லும். அவரும் பட்டம் பெற்றுப் போவார். ட்ரூபலின் புதிய பதிப்புகளோ நூலகங்களுக்கும் அரசாங்கங்களுக்கும் பெரிதும் ஏற்றன. நம் சங்கத்திற்கு அவை யானையைக் கட்டித் தீனிபோடுவதை ஒக்கும்.

வேர்ட்பிரஸ்ஸையே யாம் ஆதரிக்கின்றோம். ஆயினும் அதற்கு அடியாரல்லேம். 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் தொடங்கிய அம்மென்பொருளில், இன்று உலகத்து வலைத்தளங்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. ஆதலின் அதனை ஓரளவேனும் அறிந்தாரை எவ்வூரிலும் காணலாம். 2013 முதற் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே வந்தமர்தலின், காரியதரிசி உறங்கவுங்கூடும். குறைகளும் இல்லாமலில்லை. பிளக்-இன் எனப்படும் செருகுநிரல்களை அளவின்றிச் சேர்த்தாற் கேடு அவற்றின் வழியே நுழையும். பத்துக்கு மேல் வேண்டாமென்பது எம் கணக்கு. மேலும், 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்னும் நிறுவனத்துக்கும் பூசல் விளைய, திருத்தங்கள் வரும் வழி அந்நிறுவனத்திற்கு அடைக்கப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நிரல் யாவர்க்கும் உரியதாயினும், அதனைப் பங்கிடும் வாயிலின் திறவுகோல் ஒருவர் கையிலிருத்தல் கூடுமென்பதை இது காட்டுகின்றது.

ஆதலின் உள்ளே புகுமுன் வெளியேறும் வழியை ஆராய்தல் வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றுமதி என்னும் விசையை அழுத்தினால் ஒரு கோப்பு கிட்டும். கட்டுரைகளெல்லாம் அதனுள் இருக்கும். படங்களோ இரா, அவை இருக்குமிடத்தின் முகவரி மாத்திரமே இருக்கும். பழைய தளம் அணைந்தபின் அக்கோப்பை வைத்திருப்போர் கையில் எழுத்திருக்கும். 1960-ஆம் ஆண்டு விடுதி நாட் படம் இராது. படங்களடங்கிய அடைவை வேறாகப் பிரதியெடுத்தல் அவசியம். அன்றியும், பக்கங்களை அலங்கரிக்குஞ் சில செருகுநிரல்கள் கட்டுரையினூடே தமக்குரிய சதுர அடைப்புக் குறிகளைத் தூவிவிடுகின்றன. அவற்றை நீக்கியவுடன் அக்குறிகள் நெற்களத்திற் பதர்போல் எங்கும் கிடக்கும். அவ்வலங்காரம் நமக்கு வேண்டுவதில்லை.

தமிழில் எழுதுவோர் கருதவேண்டியது பிறிதொன்றுண்டு. பக்கத்தின் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமக் குறிகளாக விரிகின்றது. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். வேர்ட்பிரஸ் அளிப்பதோ 200 குறிகளுக்கே இடம். எனவே ‘மறைந்த தமிழாசிரியர் நினைவுரை’ என்னுந் தலைப்பு முகவரியில் ‘மறைந்த-தமிழாசிரியர்-நினை’ என்று அறுபட்டு நிற்கும். (தமிழாசிரியர் இதனை ஏவல் வினையெனக் கொண்டு மகிழ்ந்திருப்பார்.) முகவரிகளைச் சுருக்கமாக நாமே இடுதலும், பழைய முகவரிகளினின்று புதியவற்றிற்கு வழிகாட்டி வைத்தலும் தக்கன.

நிர்வாக சபையாரிடம் யாம் வேண்டுவன சில. தளத்தின் பெயருரிமை தனியொருவர் பேரிலன்றிச் சங்கத்தின் பேரிற் பதிவாதல் வேண்டும். காப்பாளர் இருவராதல் வேண்டும். அவருள் ஒருவரேனும் இவ்வூரில் நிலையாக வாழ்பவராதல் நலம். ஆண்டிற்கொருமுறை எல்லாவற்றையும் வெளியேற்றி, வெற்றுக் கணினியொன்றில் நிறுவிப் பார்த்தல் வேண்டும்.

மென்பொருள் முடிவாகும்வரை காத்திராத வேலையும் ஒன்றிருக்கின்றது. ஒருங்குறி பரவுமுன், டிஸ்கி முதலிய குறிமுறைகளில் தட்டெழுதப்பெற்ற பக்கங்கள் சில இப்போதைய தளத்தின் அடியிற் கிடக்கின்றன. திறப்போர்க்கு அவை பொருளற்ற ரோம எழுத்துக்களாகவே தோன்றும். ஆனால் மறைந்த ஆசிரியர்களைப் பற்றியும், பழைய விடுதியைப் பற்றியும் நம்மிடமுள்ள எழுத்து அவையே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விடுதி மாணவர் இருவர் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம். மாற்றியபின் அக்காலத்தவர் ஒருவர் அருகிருந்து, ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் வாசித்துத் திருத்த வேண்டும். அப்பெயர்களை அறிந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.