படத்தின் பின்பக்கம்

இங்கிலாந்தின் தென்கரையில் லல்வொர்த் கோவ் என்றொரு கடற்கரை. 1913இல் அங்கே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு உடை, தோளில் புரளும் செம்பொன் நிறக் கூந்தல். கடலும் பாறையும் பின்னால் மங்கிக் கிடக்க, அந்தச் சிவப்பு நூறாண்டு கழித்தும் நேற்றுத் தோய்த்த சாயம்போல் பளிச்சென்று நிற்கிறது. இந்தப் படத்தை எடுத்தவர் மெர்வின் ஓ'கார்மன். அவர் பொறியாளர், பிரிட்டிஷ் அரசு விமானத் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறுப்பு வகித்தவர். புகைப்படம் அவருக்கு ஓய்வுநேர ஆசை.

அவர் கையிலிருந்தது ஆட்டோகுரோம் என்னும் வண்ணப்படக் கண்ணாடித் தகடு. பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களை ஆரஞ்சு, பச்சை, ஊதா என மூன்று சாயத்தில் ஊறவைத்து, கலந்து, தகட்டின்மேல் பரப்பி, இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்து, அதன்மேல் ஒளிபடும் பூச்சைப் பூசுவார்கள். நல்ல வெயிலிலும் விநாடிக்கணக்கில் அசையாமல் இருந்தால்தான் படம் விழும். ஆகவே அந்தப் படத்தின் உழைப்பில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுடையது.

அவள் யார்? கிறிஸ்டினா என்ற பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. ஓ'கார்மனின் மகள் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அவருக்கோ பிள்ளைகளே கிடையாது. லண்டன் கண்காட்சி ஒன்றில் படம் மறுபடி பலர் கண்ணில் பட்டு, 2015 வாக்கில்தான் அவள் எட்வின் பெவன் என்ற தத்துவ அறிஞரின் மகள் என்பது வெளிவந்தது. பின்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரிக்கு நூறாண்டு பிடித்திருக்கிறது. அதுவும் கிடைத்ததே அதிர்ஷ்டம்தான்.

தொழிலாக எடுப்பவரின் படத்துக்குப் பதிவேடு இருக்கும், ரசீது இருக்கும், பத்திரிகையில் வந்திருந்தால் படவிளக்கம் இருக்கும். ஆசைக்கு எடுப்பவரின் படத்துக்கு இவை எதுவுமில்லை. யார், எங்கே, அன்று என்ன விசேஷம் என்பதெல்லாம் எடுத்தவரின் நினைவில் மட்டும்தான். இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்ததுபோல் நடந்துகொண்டவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார்.

சார்ல்ஸ் குஷ்மன் பிறந்தது 1896இல், இந்தியானா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில். வணிக உலகில் வேலை பார்த்தவர். கோடாக் நிறுவனத்தின் கோடாகுரோம் வண்ணச் சுருள் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1938இல் அதைக் கேமராவில் போட்டார். 1969 வரை விடவில்லை. ஏறத்தாழ 14,500 ஸ்லைடுகள். சிகாகோவின் தெருச்சந்தை, நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகள், தள்ளுவண்டிக்காரர்கள், இடிபடவிருந்த கட்டடங்கள், மலைகள், காட்டுப்பூக்கள், சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் என்று அவர் கண் எதையும் ஒதுக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவைக் கறுப்பு வெள்ளையிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படங்கள் அதிர்ச்சி தருபவை. வறுமைக்கும் நிறம் இருந்திருக்கிறது. கடைப்பலகையில் பச்சையும் மஞ்சளும், கொடியில் காயும் துணியில் நீலமும் இருந்திருக்கின்றன.

ஆனால் குஷ்மனின் உண்மையான செல்வம் அவருடைய குறிப்பேடுகள். எந்தப் படம், எந்தத் தேதி, எந்த ஊர், என்ன காட்சி என்று பல்லாண்டுகள் சிறு நோட்டுகளில் எழுதிக்கொண்டே வந்தார். இதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. தாம் படித்த இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு 1972இல் இறந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் அவை ஆவணக் காப்பகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பிறகு எடுத்துத் தூசி தட்டியபோது, நோட்டையும் ஸ்லைடையும் பொருத்திப் பார்த்து, ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி மின்வடிவில் பொதுமக்களுக்குத் திறந்துவிட முடிந்தது. நோட்டு இல்லாவிட்டால் அவை பெயர் தெரியாத தெருக்களின் அழகான படங்களாக மட்டுமே நின்றிருக்கும்.

சில படங்களுக்குக் கதை தானாகவே ஒட்டிக்கொள்ளும். 1953 மே மாதம் கலிஃபோர்னியாவில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த வர்ஜீனியா ஷாவ், பாலத்தின் விளிம்பில் அந்தரத்தில் தொங்கிய லாரியிலிருந்து ஓட்டுநரைக் கயிறு கட்டி மீட்டதைச் சாதாரண பிரௌனி கேமராவில் எடுத்தார். சுருளில் மிச்சம் இரண்டே படம். உள்ளூர்ப் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினார். மறு ஆண்டு புலிட்சர் பரிசே வந்தது. புகைப்படத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

விவியன் மையரின் படங்களுக்கு அப்படிக் கதை வாய்க்கவில்லை. சிகாகோவில் வீடு வீடாகக் குழந்தை வளர்க்கும் வேலை செய்த அவர், தெருவில் கண்ட மனிதர்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாகச் சேர்த்தார். வண்ணத்திலும் நிறைய எடுத்தார். பல சுருள்களை அவர் கழுவிப் பார்க்கவே இல்லை. வாடகை பாக்கி விழுந்த சேமிப்பறைப் பெட்டிகள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. 2009இல் அவர் காலமானார். இன்று உலகக் கலைக்கூடங்களில் தொங்கும் அவர் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பில்லை. அந்த முகங்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஏன் எடுத்தார் என்று சொல்ல அவரும் இல்லை. பெருங்கலை என்பதில் ஐயமில்லை. இழப்பும் அதே அளவு பெரிது.

நம் வீட்டு ஆல்பங்களின் நிலை இதைவிட மோசம். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த மாமா கொண்டுவந்த கேமராவில் எடுத்தவை அவை: காதுகுத்து, பொங்கல் பானை, புதுச் சைக்கிள், மொட்டைமாடியில் தாவணியோடு நிற்கும் அத்தை. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி இருக்கும். கேமராவில் தேதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அதுவும் தப்பாக இருக்கும். எழுபது, எண்பதுகளின் வண்ணப் பிரிண்டுகளில் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் முகமெல்லாம் சிவந்து வருகிறது. நிறத்தைக் கணினியில் ஓரளவு மீட்கலாம். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்பதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

செல்பேசி தேதியையும் இடத்தையும் தானே பதிந்துகொள்கிறதே என்று தோன்றலாம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அவையும் கழன்றுவிடுகின்றன. அத்தை அன்று ஏன் சிரித்தாள் என்பதைச் செல்பேசி முதலிலேயே பதியவில்லை.

வீட்டில் மூத்தவர்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே ஆல்பத்தை இறக்குங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள்: யார், எந்த ஊர், என்ன வருஷம், எடுத்தது யார்? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதலாம். வண்ணப் பிரிண்டின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பிடிக்காது; பேனா மை அடுத்த படத்தில் ஒட்டும். அவற்றுக்கு எண் போட்ட உறையும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.