பேஸ்மென்டில் பதினேழு கோப்பைகள்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பதினேழு கோப்பைகள் இருக்கின்றன. பத்து அப்பாவின் காலத்தவை, ஏழு என்னுடையவை. ஒன்றிலாவது யாரோடு விளையாடினோம், எத்தனைக்கு எத்தனை என்று எழுதப்படவில்லை. எல்லாவற்றிலும் ஊரின் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுசரணையாளரின் பெயர் இருக்கிறது.

இதை நான் கவனித்ததே போன வருடம்தான். வேலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒரு குரோவேஷியர், டொராண்டோவில் பிறந்தவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது 1992இல் அவர்கள் நாட்டின் முதல் லீக்கில் விளையாடிய பன்னிரண்டு கழகங்களையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அந்த வருடம் ஒவ்வொரு கிழமையும் அவருடைய அப்பா ஊருக்குப் போன் எடுத்து முடிவுகளைக் கேட்டு, குசினிக் கலண்டரில் எழுதி வைப்பாராம். சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "உங்கள் ஆட்களும் நிறைய விளையாடுவீர்களே, உங்கள் லீக் எப்படி?"

நான் கோப்பைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபம் அவர்மேல் இல்லை.

அந்த முதல் பருவத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் சொல்லுகிற சாட்டுகள் எல்லாம் அவர்களுக்கும் இருந்தன. 1991 ஜூன் 25இல் குரோவேஷியா சுதந்திரத்தை அறிவித்தது. அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன், மே 8இல், ஸ்ப்ளிட் நகரத்தின் ஹைடுக் கழகம் பெல்கிரேட்டில் வைத்தே ரெட் ஸ்டாரை 1-0 என்று வென்று யூகோஸ்லாவியக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. அந்த ரெட் ஸ்டார் சும்மா அணி இல்லை, மூன்று கிழமையில் ஐரோப்பியக் கோப்பையையே எடுத்த அணி. பிறகு சண்டை. நவம்பரில் வுகோவார் விழுந்தது. துப்ரோவ்னிக் முற்றுகைக்குள் இருந்தது. 1992 ஜனவரியில் ஒரு போர்நிறுத்தம் வந்தது, யாரும் பெரிதாக நம்பாத போர்நிறுத்தம். பெப்ரவரி முடியும்போது லீக் தொடங்கிவிட்டது.

பன்னிரண்டு கழகங்கள், ஆளுக்கு இருபத்திரண்டு ஆட்டம், மொத்தம் 132. யூகோஸ்லாவிய முதல் பிரிவில் இருந்து வந்தவை நான்குதான்: டினாமோ, ஹைடுக், ரியேகா, ஒசியெக். மிச்ச எட்டும் கீழ்ப் பிரிவுகளில் விளையாடிக்கொண்டிருந்தவை. ஒசியெக், வின்கோவ்ட்சி, ஸாடர், ஷிபெனிக், துப்ரோவ்னிக் கழகங்களுக்குத் தங்கள் சொந்த மைதானமே பாதுகாப்பில்லை. 'வீட்டு' ஆட்டத்தை வேறு ஊரில் போய் விளையாடினார்கள். ஜூனில் ஹைடுக் சம்பியன், என்கே ஸாக்ரெப் இரண்டாவது. அதிக கோல் அடித்தவர் ஆர்டியான் கொஸ்னிக்கு, கொசோவோவில் பிறந்தவர். "எங்கட ஊர்ப் பெடியள் மட்டும்" என்று சட்டம் போடுகிற எங்கள் கழகச் செயலாளர்மார் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம்.

இப்போது முக்கியமான இடம். இவ்வளவும் நடந்தபோது குரோவேஷியா பிஃபாவில் இல்லை. அதில் சேர்ந்தது 1992 ஜூலையில், லீக் முடிந்த பிறகு. வென்ற ஹைடுக்குக்கு அடுத்த பருவத்து ஐரோப்பியக் கோப்பையில் இடமும் இல்லை. குரோவேஷியக் கழகங்கள் 1993இல்தான் அங்கே போயின. வெளியில் இருந்து ஒரு பரிசும் கிடைக்காது என்று தெரிந்தும் 132 ஆட்டங்களை விளையாடி முடித்திருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து பிரான்ஸில் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். ஆறு கோலோடு தங்கக் காலணி வாங்கிய டாவோர் ஷூக்கர் விளையாடத் தொடங்கியது அதே ஒசியெக்கில்.

"அவங்களுக்கு நாடு கிடைச்சது, எங்களுக்கு எங்க?" இந்தக் கேள்வியை நான் மில்லிக்கனில் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் கேட்டிருக்கிறேன், சோற்றுத் தட்டோடு. கேட்கிற மாமாமாருக்கு என் பதில் இந்த நகரத்திலேயே இருக்கிறது. டொராண்டோ குரோவேஷியா என்ற கழகம் இங்கே தொடங்கியது 1956இல், அந்த நாடு பிறப்பதற்கு முப்பத்தைந்து வருடம் முன்னால். 1975இல் டொராண்டோ மெட்ரோஸ் அணியோடு சேர்ந்து வட அமெரிக்க லீக்குக்குள் போனார்கள். அடுத்த வருடம் ஓகஸ்ட் 28இல், யூசேபியோவும் அணியில் இருக்க, சியாட்டிலில் மினசோட்டாவை 3-0 என்று அடித்து சம்பியன் ஆனார்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் பெயர் வட அமெரிக்கக் கோப்பையில் ஏறியது. அது சும்மா ஏறவில்லை. இருபது வருடம் ஒவ்வொரு கிழமையும் தோற்று, வென்று, மறுபடியும் அடுத்த கிழமை வந்து நின்றதால் ஏறியது.

நாடு இருந்தால் லீக் தானாக வரும் என்பதும் பொய். இந்தியா 1947இல் சுதந்திரம் பெற்றது, தேசிய லீக் தொடங்கியது 1996இல். கனடாவையே எடுங்கள்: 1986இல் ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குப் போனபோது இங்கே தேசிய லீக் என்று ஒன்று ஓடவில்லை. அடுத்த வருடம் தொடங்கியது 1992இல் மூடப்பட்டது. குரோவேஷியா தொடங்கிய அதே வருடம்! இப்போது இருக்கிற கனேடிய பிரிமியர் லீக் வந்தது 2019இல்.

எங்களிடம் ஒரு அணி இருக்கிறது. 2012இல் குர்திஸ்தான், 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட், 2018இல் லண்டன் என்று பிஃபாவுக்கு வெளியே உள்ள அணிகளின் போட்டிகளில் தமிழீழ அணி விளையாடியது. அந்தப் பெடியள்மேல் எனக்கு மரியாதை மட்டும்தான். அவர்களின் படத்தை நானும் பகிர்ந்தேன், சட்டையும் வாங்கினேன். ஆனால் அணி என்பது ஒரு லீக்கின் உச்சி. கீழே மரமே இல்லாமல் உச்சியை மட்டும் வாங்கிச் சட்டைபோட்டுப் பார்க்கிறோம்.

மரம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு கதை. என் அக்காவின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு ஜூலை சனிக்கிழமை, பதினாறு அணிகளின் ஒருநாள் சுற்றுப்போட்டி. நொக்அவுட் என்றால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு முடிந்துவிடும், அவனுடையது அதில் ஒன்று. இருபது, இருபது, நாற்பது நிமிடம். காலை பத்தரைக்குள் அவனுடைய வருடம் முடிந்தது. அத்தான் கமிட்டியில் இருந்ததால் பின்னேரம் பரிசளிப்பு வரைக்கும் காரில் இருந்து போனைப் பார்த்தான். பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். பிறகு இளைஞர்கள்தான் எங்கள் எதிர்காலம் என்று அரை மணித்தியாலம் பேசினார். இறுதியாட்டம் ஒரு பெனால்டிச் சண்டையில் பாதியில் நின்றுபோனது. கோப்பையை யார் கொண்டுபோனது என்பதில் இன்றைக்கும் இரண்டு கதை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு சாப்பாட்டு இடைவேளையில் ஒரு 'சினேகபூர்வ' ஆட்டம் கொடுத்தார்கள். அதற்கு மத்தியஸ்தர்கூட இல்லை.

மருமகன் இப்போது வேறு சமூகத்து லீக் ஒன்றில் விளையாடுகிறான். அவன் தமிழை வெறுத்துப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிற இடத்துக்குப் போனான். நான் கூப்பிட்டால், "மாமா, அடுத்த மேட்ச் எப்ப?" என்று கேட்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சுற்றுப்போட்டியை நாங்கள் விரும்புவதன் காரணம் எனக்குத் தெரியும், நானும் பதினைந்து வருடம் அதில் திரிந்தவன். ஒருநாளில் முடியும். மலர் அடிக்கலாம், மேடை போடலாம். தோற்றால் அடுத்த வருடம் பிரிந்து புதுக் கழகம் தொடங்கலாம். லீக்கில் இது ஒன்றும் செய்ய ஏலாது. தோற்றவன் அடுத்த கிழமை அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். புள்ளிப் பட்டியல் பொய் சொல்ல விடாது. மழை பெய்தாலும் யாராவது போய்க் கோடு போட வேண்டும். அந்தச் சலிப்பான வேலையைச் செய்கிறவருக்குப் பொன்னாடை கிடைக்காது.

குரோவேஷியரை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அவர்களிடமும் பெரிய மனிதர்கள் புகுந்தார்கள். அந்த முதல் பருவத்தில் ஸாக்ரெப்பின் டினாமோவுக்கு ஹாஷ்க் கிராஜான்ஸ்கி என்று பெயர் மாற்றினார்கள், அடுத்த வருடம் குரோவேஷியா ஸாக்ரெப் ஆக்கினார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2000இல் பழைய பெயர் திரும்பி வந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். எட்டு அணிகள் போதும். ஒன்றோடொன்று இரண்டு தரம், பதினான்கு கிழமை, மே தொடங்கி ஓகஸ்ட் வரை. பெண்களுக்கும் அதே நாள், அதே மைதானம், அதே மத்தியஸ்தர். எட்டு கிடைக்காவிட்டால் ஆறு. கோப்பை தேவையில்லை, வேண்டுமென்றால் எங்கள் பேஸ்மென்டில் இருந்து ஒன்றை எடுத்துப் பெயரைச் சுரண்டித் தருகிறேன். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவும் அன்றிரவே எழுதப்பட வேண்டும்: திகதி, அணி, கோல் அடித்தவர், எத்தனையாவது நிமிடம். அந்த வேலையை நான் எடுக்கிறேன். மில்லிக்கன் பக்கத்தில் மைதானம் பதிவு செய்ய ஒரு ஆள் வேண்டும், விசில் பிடிக்கப் பழக நான்கு பேர் வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் நல்லது, பேச்சுக் கொடுக்க வருகிறவராக இருக்கக் கூடாது.