நீலக்கல்லா, கயனைட்டா?

பார்வைக்கு நீலக்கல் மாதிரியே இருக்கும். ஆனால், இது கயனைட். கிரேக்க மொழியில் கருநீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

களிமண் பாறை பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் நசுங்கி உருமாறும்போது பிறப்பது இது. அதே அலுமினிய சிலிகேட், அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலூசைட் ஆகும். சூடு மிக அதிகமானால் சில்லிமனைட். இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பார்த்தே, அந்தப் பாறை பட்ட பாட்டை நிலவியலாளர்கள் கணித்துவிடுவார்கள்.

இன்னொரு விசித்திரம்... கயனைட்டை நீளவாக்கில் கத்தியால் கீறினால் கோடு விழும். குறுக்கே கீறினால் விழாது. மோஸ் அளவுகோலில் நீளவாக்கில் அதன் கடினம் 4.5 முதல் 5, குறுக்கே 6.5 முதல் 7. நீலக்கல்லுக்கோ 9.

நீலக்கல் என்று சொல்லி கயனைட்டைத் தலையில் கட்டுபவர்களும் உண்டு. பணம் போவதோடு, மோதிரக் கை எங்காவது இடித்தால் கல்லும் பிளந்துவிடலாம். கடையில் கத்தியால் கீறிப் பார்க்க முடியாதே! ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக இது உதவாத கல் அல்ல. சுமார் 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் முல்லைட்டாக மாறி, கடும் சூட்டைத் தாங்கும். எஃகு உலைகளின் உள்சுவரில் இதற்குத் தனி மரியாதை!