ஓசி டிக்கெட்டும் 600 மணி நேரமும்

சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவரின் வாயை மூன்று நாளைக்கு மூடி வைக்க முடியுமா என்று கோர்ட்டில் கேட்டுப் பார்த்தவர்கள் நாம். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த சூட்டோடு, தியேட்டர் வளாகத்தில் மைக் நீட்டும் யூடியூப்காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. ரிலீஸாகி முதல் 3 நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு மனு போனது. டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்துவிட்டது. நல்லவேளை.

ஆனாலும் தயாரிப்பாளர்கள் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது. படமே பார்க்காதவன் திட்டுகிறான். காசு வாங்கியவன் புகழ்கிறான். இன்டர்வெல்லில் எழுந்து போனவன் க்ளைமாக்ஸைக் கிழிக்கிறான். எல்லாம் நிஜம். வியாதி நிஜம் என்பதற்காக நோயாளியின் வாயில் பிளாஸ்திரி ஒட்டுவதா வைத்தியம்?

இதற்கு வேறு மருந்து இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையன் அதைத் தினமும் பார்க்கிறான், கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்குகிற கடையில்.

'ஸ்டீம்' என்று ஒரு இணையக் கடை. வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-ல் திறந்தது. 2013 நவம்பரிலிருந்து அங்கே விளையாடியவர்களே கருத்து எழுதலாம். விதிகளைக் கவனியுங்கள். அந்த விளையாட்டை உங்கள் கணக்கில் வைத்து ஆடியிருந்தால்தான் எழுத முடியும். எழுதினால், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்று உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே கடைக்காரன் போட்டுவிடுவான். பொருள் ஓசியில் வந்தது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவான். இத்தனையும் எங்கே? 'வாங்கு' என்கிற பொத்தான் இருக்கும் அதே பக்கத்தில். தன் சரக்கைத் திட்டியவனின் குரலை, சரக்கு விற்கும் கவுன்டரிலேயே மாட்டி வைத்திருக்கிறான்!

நம் விமர்சகர்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் 'ஓசி டிக்கெட்' என்று ஒரு வரி தெரிந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லா விளையாட்டையும் பேச இங்கே இடமில்லை. ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விண்வெளியிலோ வேறு கிரகத்திலோ குடியிருப்பு கட்டி நிர்வாகம் பண்ணுகிற விளையாட்டுகள். சுடுவது, ஓடுவது எல்லாம் இதில் கொஞ்சம்தான். பெரும்பாலும் பஞ்சாயத்துத் தலைவர் வேலை. தண்ணீர், மின்சாரம், காற்று, சாப்பாடு, படுக்கை, சண்டை தீர்ப்பது. 'ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்' என்று 2019-ல் முழுசாக வெளிவந்த விளையாட்டில் மூன்றே பேரோடு பூமிக்கடியில் ஆரம்பிப்பீர்கள். அவர்கள் விடும் மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு கனமானது என்பதால் கீழே போய்த் தங்கும். கீழ்த்தளத்தில் படுக்கை போட்டால் ஆள் மூச்சு முட்டுவான். கக்கூஸ் தண்ணீரை எங்கே விடுவது என்று முதல் நாளே யோசிக்காவிட்டால் பத்தாம் நாள் குடிதண்ணீரில் கிருமி. இதை விளையாட்டு என்று சொல்லி நம் பையன்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கட்டாயமாக்கலாம்.

2018-ல் வந்த 'சர்வைவிங் மார்ஸ்' விளையாட்டில் செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் நாடுகள் பட்டியலில் இந்தியாவும் உண்டு. மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்ததற்கு நாலு வருஷத்துக்குள் ஐரோப்பியன் நமக்கு அங்கே காலனி போட்டுக் கொடுத்துவிட்டான்.

சரி, இதெல்லாம் எதற்கு? கனகம்மாசத்திரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நடந்த வாக்குவாதத்துக்காக. திருவள்ளூர் தாண்டி திருத்தணிக்கு முன்னால் ஹைவேயில் வரும் ஊர். அங்கே லேப்டாப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு இன்ஜினீயரிங் மாணவன் இந்த மாதிரி விளையாட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னான். பெயர் வேண்டாம்.

"எவ்ளோ நேரம் ஆடியிருப்பே தம்பி?"

"அறுநூறு மணி நேரத்துக்கு மேல சார்."

"அவ்ளோ நல்லா இருக்கா?"

"இல்ல சார். 'வாங்காதீங்க'ன்னுதான் ரிவ்யூ போட்டிருக்கேன்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அறுநூறு இட்லியத் தின்னுட்டு மாவு புளிச்சிருக்குன்னானாம்!" பெஞ்சே சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்படி இல்ல தாத்தா. காலனில அம்பது பேர் வரைக்கும் சூப்பரா இருக்கும். நூறு பேர் தாண்டினா ஆளுங்க சாப்பாட்டுக்குப் போற வழியிலயே நின்னுடுவாங்க. காத்து மிஷின ரிப்பேர் பண்ண ஒருத்தனும் போகமாட்டான். எல்லாரும் செத்துடுவாங்க. ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கோம். புதுசு புதுசா டிரெஸ் விக்கிறாங்களே தவிர இதைச் சரி பண்ணல."

இட்லி ஜோக் நல்ல ஜோக்தான். ஆனால் அது தப்பு. அதைத் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நூறு பேர் சேர்ந்தால்தான் தெரியும் கோளாறு, இரண்டு மணி நேரம் ஆடியவனுக்கு எப்படித் தெரியும்? கிரகப்பிரவேசத்துக்கு வந்து பாயசம் குடித்துவிட்டுப் போனவருக்கு வீடு ஒழுகுவது தெரியாது. நாலு மழைக்காலம் குடியிருந்தவருக்குத்தான் தெரியும். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்குகிற வழிப்போக்கர், திண்ணை ஜில்லென்று இருக்கிறது என்று வாழ்த்திவிட்டுப் போவார். கிணறு எந்த மாதம் வற்றும் என்று கேட்க வேண்டுமானால், தினமும் தண்ணீர் இறைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

'இத்தனை நாள் அனுபவித்துவிட்டு இப்போது குறை சொல்கிறாயே' என்கிற வாக்கியத்தை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! இருபது வருஷம் ஒரே ரூட் பஸ்ஸில் போனவர் பஸ் ஒழுகுகிறது என்றால் இதே பதில். முப்பது வருஷம் ஒரே தெருவில் இருந்தவர் சாக்கடையைப் பற்றிப் பேசினால் 'பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போங்க சார்.' குறை சொல்லும் தகுதி யாருக்கு உண்டோ அவரைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறார்கள். 600 மணி நேரம் என்பது அந்தப் பையனின் சாட்சிச் சான்றிதழ். அதையே அவன் வாய்ப்பூட்டாக மாட்டுவது அநியாயம்.

விற்பவர்கள் பக்கம் வருவோம். அந்த டீக்கடைக்கு இரண்டு பக்கமும் ஹைவே ஓரத்தில் மனைப்பிரிவுகள். மஞ்சள் கல், கலர் கொடி, 'சென்னைக்கு மிக அருகில்'. ரோடு வரும், தண்ணீர் வரும், பார்க் வரும். இப்போது காசு கொடுங்கள். இதே வியாபாரத்தை விளையாட்டுக் கம்பெனிகளும் செய்கின்றன. பாதி செய்த விளையாட்டை 'முன்கூட்டியே ஆடுங்கள்' என்று விற்கலாம் என்று ஸ்டீம் 2013 மார்ச்சில் வழி செய்து கொடுத்தது. 'எர்லி ஆக்ஸஸ்' என்று பெயர். தமிழில் சொன்னால், பூமி பூஜை ஆஃபர்.

'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' கதை இதுதான். சான்பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன், பெயர் பெற்ற கம்பெனி. 2013 அக்டோபரில் இந்த விண்வெளி நிலைய விளையாட்டை அரைகுறையாக 25 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். இன்னும் என்னென்ன வரும் என்று நீளமான திட்டப் பட்டியல். ஜனங்கள் பட்டியலைப் பார்த்துக் காசு கொடுத்தார்கள். ஒரே வருஷம். 2014 செப்டம்பரில், விற்பனை செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை, இருப்பதை வைத்து முடித்துக்கொள்கிறோம் என்று அறிவிப்பு. அக்டோபரில் 'முழு விளையாட்டு' என்று லேபிள் ஒட்டி வெளியிட்டார்கள். பட்டியலில் இருந்ததில் பெரும்பகுதி வரவே இல்லை. வேண்டுமானால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று புரோகிராமின் ஒரு பகுதியைத் திறந்து கொடுத்தார்கள். பில்டர், செங்கல்லையும் கரண்டியையும் கொடுத்து மாடியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பது போல.

ஆடியவர்கள் விட்டார்களா? விற்கிற பக்கத்திலேயே எழுதித் தள்ளினார்கள். கடைக்கு வரும் அடுத்த ஆள் பர்ஸைத் திறக்கும்முன் அதைப் படித்தாக வேண்டும்.

இது புதுசா என்றால் இல்லை. 1994-ல் சியரா கம்பெனி 'அவுட்போஸ்ட்' என்று ஒன்றை வெளியிட்டது. பூமி அழிகிறது, மிச்சமிருக்கும் ஜனங்களை வேறு கிரகத்தில் குடிவைக்க வேண்டும். பத்திரிகைகள் முழுமையாகாத பிரதியைப் பார்த்தே ஆஹா ஓஹோ என்றன. வாங்கிப் போனவர்கள் கையேட்டைப் பிரித்தால், அதில் எழுதியிருக்கும் சங்கதிகள் விளையாட்டில் இல்லை! அந்தக் காலத்தில் கடை அலமாரியில் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று 'வாங்காதீங்க' என்று சொல்ல ஒருத்தருக்கும் வழியில்லை. 1994-க்கும் 2014-க்கும் கம்பெனிகள் திருந்திவிடவில்லை. வாங்குகிறவன் நிற்க ஓர் இடம் கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

அடுக்குமாடிக்கு நம் நாட்டில் 2016-ல் சட்டமே வந்துவிட்டது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். அரைகுறை விளையாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2015 ஜூனிலிருந்து ஸ்டீம் ஒரு சலுகை தருகிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் வாபஸ். நல்லதுதான். ஆனால் நூறு பேர் தாண்டினால் வரும் கோளாறு இரண்டு மணி நேரத்தில் தெரியாது என்று பார்த்தோமே? அதற்கு 600 மணி நேரக்காரனை விட்டால் வேறு காவல் கிடையாது.

கருத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் கெட்டுப்போகவில்லை. 'ரிம்வேர்ல்ட்' கனடாவில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. 2013-லிருந்து அரைகுறையாகவே விற்றார்கள், ஆடியவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மாற்றினார்கள், 2018 அக்டோபரில் முழுசாக முடித்தார்கள். அதே பூமி பூஜை ஆஃபர்தான். இவர்கள் வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016 ஆகஸ்டில் வந்தபோது சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று உலகமே காறித் துப்பியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. குடியிருப்பு கட்டும் வசதியையே அந்த நவம்பரில்தான் சேர்த்தார்கள். காசு கேட்காமல் வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2024-ல், எட்டு வருஷம் கழித்து, மொத்தக் கருத்துக் கணக்கு 'மிகவும் நல்லது' என்று மாறியது. திட்டியவர்களே மனசு மாறி எழுதினார்கள். நம் தயாரிப்பாளர்கள் கவனிக்க.

ஆடுகிற பையன்களுக்கும் இரண்டு வார்த்தை உண்டு. உங்களில் பலர் கருத்து என்ற பெயரில் எழுதுவது ஒரு வார்த்தை, ஒரு கெட்ட வார்த்தை, அல்லது ஒரு பொம்மை. கம்பெனிக்காரர் எங்கோ ஏதோ சொன்னார் என்று கோபித்துக்கொண்டு, விளையாட்டில் குறையே இல்லாவிட்டாலும் கும்பலாகப் போய் 'வேண்டாம்' குத்திவிட்டு வருகிறீர்கள். இந்தக் கும்பல் குத்து தாங்காமல்தான் 2017 செப்டம்பரில் ஸ்டீம் ஒரு வரைபடம் போட ஆரம்பித்தது. எந்த நாளில் திடீரென்று திட்டு பொங்கியது என்று அதில் தெரிந்துவிடும். கையில் இருக்கும் ஓட்டைக் கல்லாக எறிந்தால், நாளைக்கு நிஜமான புகாரையும் கல் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் நம் கண்ணால் பார்த்து எழுதுங்கள். 'ரிம்வேர்ல்ட்' குடியேறி ஒருத்தன் மேஜை இல்லாமல் சாப்பிட நேர்ந்தால் மனசு வாடிவிடுவான். மகிழ்ச்சிக் கணக்கில் மைனஸ் 3. உலகம் பூரா இதைக் கிண்டல் பண்ணுகிறார்கள். தரையில் பந்தி போட்டு இலை விரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் இதைப் பற்றி எழுத வேண்டாமா? செவ்வாயில் காலனி போடும்போது எது வசதி, எது கஷ்டம் என்று தீர்மானிப்பவர் எல்லாரும் மேஜைக்காரர்களாகவே இருக்க வேண்டுமா? 'கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் பிளஸ் 3' என்று ஒருத்தன் காரணத்தோடு எழுதினால், அதைச் சேர்க்க ஒரு புரோகிராமருக்கு அரை நாள் வேலை.

அந்த விதி எனக்கும் பொருந்தும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: இந்த வகை விளையாட்டில் என் கணக்கு சுமார் 40 மணி நேரம். சொந்தக் காசு. அந்தப் பையனின் 600-க்கு முன் என் கருத்து பொடிசு. ஆகவே விளையாட்டு நல்லதா கெட்டதா என்று அவனைக் கேளுங்கள்.

சினிமா, ஃப்ளாட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்கம் எதுவாக இருந்தாலும் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயை மூடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். டிக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள் உள்ளே இருந்தாய் என்று கேளுங்கள். காட்டிவிட்டான் என்றால், பொறுமையாக உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேளுங்கள்.